ஒழுகும் காதும் ஒட்டிக்கொண்ட கிருமியும்

(உலகச் செவித்திறன் நாளையொட்டி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒவ்வொரு மார்ச் 3-ஆம் நாளும் இப்படிக் கூட்டம் நடக்கிறது. காது கேட்கும் கருவியைப் பற்றிப் பேசுகிறோம், இரைச்சலைப் பற்றிப் பேசுகிறோம், கைபேசியைப் பற்றிப் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகப் பழைய பொருள். உங்கள் தெருவில் இருக்கிறது, உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிறது, சிலருக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதன் பெயர் காது ஒழுகுதல்.

"சின்ன வயசுல எல்லாப் பிள்ளைக்கும் காது ஒழுகத்தான் செய்யும், வளர்ந்தா தானா நின்னுடும்." இந்தப் பேச்சைக் கேட்காதவர் இந்த அரங்கில் யாராவது உண்டா? பாட்டி சொன்னார், அம்மா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சில பிள்ளைகளுக்கு நின்றும் போனது. நிற்காத பிள்ளைகள்? மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் நான்கு நாள் காய்ந்து, ஐப்பசி மழையில் மறுபடி ஒழுகி, கிணற்றில் குதித்ததும் மறுபடி ஒழுகி, கல்யாண வயதிலும் காதில் பஞ்சோடு திரிகிறவர்கள்? மாத்திரையில் செத்துப்போன கிருமி எப்படித் திரும்பி வந்தது? எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து துருவப் போகிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். செவிப்பறை என்று பாடப் புத்தகம் சொல்வதை நம் மக்கள் காது ஜவ்வு என்பார்கள். அந்த ஜவ்வுக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்னஞ்சிறு அறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அதற்குள் தொங்குகின்றன. அங்கவடி எலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். நம் உடம்பிலேயே சிறிய எலும்பு அதுவே. இந்த அறையிலிருந்து ஒரு குழல் மூக்கின் பின்புறத்துக்குப் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இதை விரிவாக எழுதிவைத்த இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் யூஸ்டேக்கியோவின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் என்கிறோம். ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்கிறது, எச்சில் விழுங்கினால் பட்டென்று திறக்கிறது அல்லவா? அந்தக் குழல் திறந்த சத்தம்தான் அது.

காற்று வர வேண்டிய அந்த வழியில்தான் கிருமியும் வருகிறது. பெரியவர்களுக்கு அந்தக் குழல் நீளம், சாய்வும் அதிகம். கைக்குழந்தைக்கோ ஏறத்தாழ அதில் பாதி நீளம்தான்; கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில் கிடக்கிறது. சளி பிடித்த குழந்தையின் மூக்கிலிருந்து காதுக்குப் பயணம் மிகச் சுலபம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையிலோ புட்டியிலோ பால் புகட்டாதீர்கள், தலையை உயர்த்திப் பிடித்துப் புகட்டுங்கள் என்று மருத்துவர்களாகிய நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குக் காதுச் சீழ் குறைவு. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை சூழ்ந்த பிள்ளைக்கு அதிகம்.

திடீரென்று காய்ச்சலும் காதுவலியும் வந்து குழந்தை இரவெல்லாம் அலறுகிறதே, அதற்குப் பெரும்பாலும் மூன்று கிருமிகள் காரணம். நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, மொராக்செல்லா. மூன்றும் மூக்கின் பின்புறம் வாழ்கிறவை. 2017 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட நிமோகாக்கஸ் தடுப்பூசி நிமோனியாவைத் தடுப்பதற்கென்று வந்தது. காதுக்கும் அதனால் ஓரளவு நன்மை உண்டு.

இதுவரை சொன்னது எளிது. இனி வருவதுதான் புதிர்.

சில குழந்தைகளுக்கு வலி போய்விடும், காய்ச்சல் போய்விடும், ஆனால் ஜவ்வுக்குப் பின்னால் நீர் மட்டும் மாதக் கணக்கில் தேங்கி நிற்கும். சிலருக்கு அது பசைபோலக் கெட்டியாகிவிடும். மருத்துவர்கள் ஜவ்வில் சிறு துளையிட்டு அந்த நீரை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வுக்கூடம் கிருமி வளரும் ஊட்டக் கலவையில் அதைத் தடவிக் காத்திருக்கும். பல முறை ஒன்றுமே வளராது. ஒன்றும் வளரவில்லையென்றால் என்ன பொருள்? கிருமியே இல்லை என்று பொருள். பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அப்படித்தான் எழுதிவந்தது. கிருமி போய்விட்டது, மிச்சம் வீக்கம் மட்டும்தான் என்றார்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு குழுவினர் இதை நம்பவில்லை. கிறிஸ்டோபர் போஸ்ட், கார்த் எர்லிக் என்ற இருவர் அதில் முக்கியமானவர்கள். கிருமியை வளர்த்துப் பார்க்காமல் அதன் மரபுப் பொருளையே தேடினார்கள். 1995-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் காதிலிருந்து எடுத்த நீர் மாதிரிகள் 97. பழைய முறையில் வளர்த்தபோது கிருமி தென்பட்டது 28 மாதிரிகளில். மரபுப் பொருளைத் தேடியபோது? 75 மாதிரிகளில்! கிருமி இல்லை என்று ஒதுக்கப்பட்ட காதுகளில் பாதிக்கு மேல் கிருமியின் அடையாளம் இருந்தது.

உடனே ஒரு மறுப்பு எழுந்தது. செத்த கிருமியின் எச்சமாக ஏன் இருக்கக்கூடாது? நல்ல கேள்வி. அறிவியலில் இப்படி மடக்குகிறவர்கள் வேண்டும். அதே குழு 1998-இல் பதில் சொன்னது. கிருமி உயிரோடு இயங்கும்போது மட்டும் தோன்றிச் சிறிது நேரத்தில் சிதைந்துபோகும் தூது ஆர்.என்.ஏ. என்ற பொருளைத் தேடி, அதையும் அந்த நீரில் கண்டுபிடித்தார்கள். ஆக, கிருமி இருக்கிறது. உயிரோடு இருக்கிறது. ஆனால் வளர்த்தால் வளர மறுக்கிறது. அப்படியானால் அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது?

அன்பர்களே, உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை நான்கு நாள் தேய்க்காமல் விட்டுப்பாருங்கள். உள்ளே கையை விட்டால் வழவழவென்று இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் அந்த வழவழப்பு போகுமா? போகாது. எத்தனை குடம் மாற்றி ஊற்றினாலும் போகாது. தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்த வழவழப்பு என்ன தெரியுமா? கோடிக்கணக்கான கிருமிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றித் தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாக வாழ்வதுதான். அறிவியலார் அதை பயோஃபிலிம் என்கிறார்கள். நாம் கிருமிப்படலம் என்று சொல்வோம். நம் பல்லில் காலையில் படிந்திருக்கும் ஊத்தையும் அதே சாதிதான். உருப்பெருக்கிக் கண்ணாடி செய்து முதன்முதலில் கிருமிகளைக் கண்ட லேவன்ஹுக் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்திருக்கிறார். வினிகர் ஊற்றிப் பார்த்தார். பல் ஊத்தையின் வெளிப்புறத்தில் இருந்த கிருமிகள் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்தன.

நீரில் மிதக்கும் கிருமி வேறு. படலத்தில் ஒட்டிய கிருமி வேறு. இனம் ஒன்றுதான், நடத்தை வேறு. படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் மெதுவாக உண்கின்றன, மெதுவாகப் பெருகுகின்றன, சில ஏறக்குறைய உறங்கியே கிடக்கின்றன. நம்முடைய ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவும் வேகமாகப் பெருகும் கிருமியைத்தான் கொல்லும். உறங்குகிற கிருமியை அவை தொடுவதில்லை. மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தையும் படலத்துக் கிருமி தாங்கிவிடும். ஐந்து நாள் மாத்திரையில் மிதப்பவை சாகின்றன. சீழ் நிற்கிறது. தாய் நிம்மதி அடைகிறாள். படலம் அப்படியே இருக்கிறது. அடுத்த சளி, அடுத்த மழை, அடுத்த குளியல். படலத்திலிருந்து கிருமிகள் மறுபடி புறப்படுகின்றன. திரும்பி வந்தது கிருமி என்று நினைத்தோமே, அது போகவே இல்லை.

இது வெறும் ஊகமா? 2002-இல் அதே குழுவினர் சின்சில்லா என்ற விலங்கின் காதில் படலம் உருவாவதை நுண்ணோக்கியில் காட்டினார்கள். அது ஆண்டீஸ் மலையில் வாழும் கொறிக்கும் விலங்கு. உடம்புக்கு அதன் நடுச்செவி பெரிதென்பதால் காது ஆய்வுக்கு ஏற்றது. பிறகு 2006-இல் குழந்தைகள். நீர் தேங்கியதால் காதில் சிறு குழாய் பொருத்த வந்த 26 குழந்தைகளின் நடுச்செவிச் சவ்விலிருந்து மிகச் சிறு துணுக்குகள் எடுத்தார்கள், மொத்தம் 50. அவற்றில் 46-இல் கிருமிப்படலம் கண்ணுக்குத் தெரிந்தது. வேறு அறுவைக்காக வந்த, காதில் இந்த நோய் இல்லாத 8 பேரிடமும் பார்த்தார்கள். ஒருவரிடமும் இல்லை. லூயன் ஹால்-ஸ்டூட்லி என்ற அம்மையார் முன்னின்று எழுதிய அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது, என் தொழிலில் பல ஆண்டாகப் புரியாமல் கிடந்த ஒன்று புரிந்ததுபோல் இருந்தது எனக்கு.

சரி, இது ஜவ்வு கிழியாத காதின் கதை. நம் ஊர்ப் பிள்ளைகளின் காது ஒழுகுகிறதே, அங்கே ஜவ்வில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை விழுந்தபின் கதையில் புதிய ஆட்கள் வருகிறார்கள். மூக்கு வழி மட்டுமே இருந்த அறைக்கு இப்போது வெளிவாசலும் திறந்துவிட்டது. குளிக்கும் தண்ணீர், குளத்துத் தண்ணீர், அழுக்குக் குச்சி, கோழி இறகு, காய்ச்சிய எண்ணெய் எல்லாம் உள்ளே போகின்றன. அவற்றோடு சூடோமோனாஸ் போகிறது, ஸ்டெஃபிலோகாக்கஸ் போகிறது, புரோட்டியஸ் போகிறது. சூடோமோனாஸ் ஈரத்தில் பிறந்து ஈரத்தில் வாழும் கிருமி. படலம் கட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. குழந்தைக் காய்ச்சலுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. எத்தனை வீட்டில் அந்த மாத்திரை அட்டை அட்டையாகத் தீர்ந்திருக்கிறது! காசும் போய், காதும் போய்.

உலக சுகாதார அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையின்படி இப்படிக் காதில் சீழ் வடியும் மக்கள் உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி வரை. அவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் கேட்கும் திறன் குறைகிறது. ஒரு சமூகத்தின் பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இந்நோய் இருந்தால் அது உடனே கவனிக்க வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அந்த அமைப்பு சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பிள்ளைகளிடையே அந்த எல்லையை எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஏன்? அவர்கள் உடம்பு பலவீனமா? இல்லை. அந்நாட்டின் வடக்குப் பகுதியில் அமாண்டா லீச் என்ற ஆய்வாளர் 1994-இல் காட்டினார்: பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் குழந்தைகளின் மூக்கில் இந்தக் கிருமிகள் ஏறிவிடுகின்றன. ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் பலருக்கும் சளி. கை கழுவத் தண்ணீர் வசதி குறைவு. கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போக வேறென்ன வேண்டும்? நெருக்கடியில் வாழ வைத்தவர்களின் குற்றத்தைக் குழந்தையின் காது சுமக்கிறது. இதைச் சொல்லாமல் கிருமியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது என்று நான் கருதுகிறேன்.

சரி, வழி என்ன? இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கேதான் உங்கள் கைக்கு வேலை இருக்கிறது.

முதலாவது கென்யாவில், கியாம்பு மாவட்டப் பள்ளிகளில், காதில் சீழ் வடியும் 524 பிள்ளைகளிடம் நடந்து 1996-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு எந்த வைத்தியமும் இல்லை. ஒரு பிரிவுக்குச் சீழைத் துடைத்துக் காயவைப்பது மட்டும். மூன்றாவது பிரிவுக்குத் துடைப்பதோடு காது சொட்டு மருந்தும் மாத்திரையும். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாத பிரிவில் சீழ் நின்றது நூற்றுக்கு 22 பேருக்கு. துடைத்தது மட்டும்? அங்கும் 22. துடைத்து மருந்தும் கொடுத்த பிரிவில் 51. அப்படியானால் துடைப்பது வீண் வேலையா? அவசரப்பட வேண்டாம். துடைத்தால் மட்டும் போதாது என்பதுதான் இதன் பாடம்.

இரண்டாவது ஆஸ்திரேலியாவில், பூர்வகுடி மக்கள் தாமே நடத்தும் மருத்துவ நிலையங்களில் நடந்து 2003-இல் வெளிவந்தது. அந்த மக்களுக்குள்ளிருந்தே வந்த சுகாதாரப் பணியாளர்கள் பிள்ளைகளின் காதை நீர்த்த போவிடோன் அயோடின் கரைசலால் கழுவினார்கள். பிறகு சொட்டு மருந்து, நாளுக்கு இரு வேளை, ஒன்பது நாள். சிப்ரோஃபிளாக்சசின் சொட்டு விட்ட பிள்ளைகளில் 76 விழுக்காட்டினருக்கும், பழைய வகைச் சொட்டு விட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் சீழ் நின்றது. சிப்ரோஃபிளாக்சசின் சூடோமோனாஸைக் கொல்லும். சொட்டாக விடும்போது, விழுங்கிய மாத்திரையால் எட்டவே முடியாத அடர்த்தியில் நேரே அந்த இடத்துக்குப் போகிறது. ஆனால் சீழ் நிரம்பிய காதில் சொட்டு விட்டால் அது சீழின் மேல்தான் மிதக்கும். வழி திறக்க வேண்டும், மருந்து உள்ளே போக வேண்டும். கழுவுவதும் துடைப்பதும் படலத்தையும் அழுக்கையும் குலைத்து வழியைத் திறக்கின்றன. மருந்து அங்கே போய் வேலை செய்கிறது. கை ஒன்று, மருந்து ஒன்று. ஒன்றைவிட்டு ஒன்றைச் செய்து ஏமாந்த கதைதான் நம் வீடுகளில் நடப்பது.

உலக சுகாதார அமைப்பு குழந்தைநோய்ப் பராமரிப்புக்கு வகுத்த நெறியும் இதையேதான் சொல்கிறது. பதினான்கு நாளுக்கு மேல் காது ஒழுகினால் அது நாட்பட்ட நோய். திரியால் காதைக் காயவைத்து, சிப்ரோஃபிளாக்சசின் போன்ற குயினோலோன் வகைச் சொட்டு மருந்து இரண்டு வாரம் விட வேண்டும். தாய்மார்களே, திரியை இப்படிச் செய்யுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை முறுக்கித் திரியாக்குங்கள். குச்சி வேண்டாம், ஹேர்பின் வேண்டாம், ஊக்கு வேண்டவே வேண்டாம். திரியை மெதுவாகக் காதுக்குள் வைத்து, நனைந்ததும் எடுத்து, புதுத் திரி வையுங்கள். திரி ஈரமில்லாமல் வரும்வரை செய்யுங்கள். பிறகு மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு. குப்பியை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் பிள்ளைக்குத் தலை சுற்றும். பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்துச் சொட்டு விட்டபின், காது ஓட்டைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பைச் சில முறை அமுக்குங்கள். மருந்து உள்ளே இறங்கும். சில நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். ஒரு நாளுக்கு மூன்று வேளை காயவையுங்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வையுங்கள். கிணறும் குளமும் காது காயும்வரை வேண்டாம்.

ஓட்டையிருக்கும் காதுக்கு எல்லாச் சொட்டும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறக்காதீர்கள். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உட்செவிக்குள் போனால் கேட்கும் உணர்வணுக்களையே கெடுக்கக்கூடும். கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை இந்த ஒரு நோயிலாவது விட்டுவிடுங்கள். பச்சிளம் பிள்ளையைக் குளிப்பாட்டி மூக்கிலும் காதிலும் வாய்வைத்து ஊதும் பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அன்பை நான் அறிவேன். அந்த ஊதல் வேண்டாம், காதில் எண்ணெயும் வேண்டாம்.

சீழ் நின்றுவிட்டால் முடிந்ததா? அந்த ஆஸ்திரேலிய ஆய்விலேயே சீழ் நின்ற பிள்ளைகளுக்கும் ஓட்டை சுருங்கவில்லை, கேட்கும் திறன் உயரவில்லை. காய்ந்த காதின் ஓட்டையை அடைக்க அறுவை உண்டு. 1950-களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் சோல்னரும் இதற்கு வழி வகுத்தார்கள். காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுத் தசையின் மேலிருக்கும் உறையில் ஒரு துண்டை எடுத்து ஜவ்வாக ஒட்டுகிறோம். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கும் அறுவை.

இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனே, காது ஒழுகி யாராவது செத்திருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். செத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் டப்ளினில் வில்லியம் வைல்ட் என்ற பெரிய காது மருத்துவர் இருந்தார். காது அறுவை பற்றி 1853-இல் அவர் எழுதிய நூல் அந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. ஒழுகும் காது எப்போது, எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அவர் அப்போதே எச்சரித்தார். நூல் வந்த மறு ஆண்டு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். உலகம் அறிந்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட். சிறையில் இருந்தபோது, 1896-இல் அவர் எழுதிய மனுவில் வலது காது கெட்டுக் கேட்கும் திறன் போகிறது, கவனிப்பாரில்லை என்று முறையிட்டார். 1900 அக்டோபரில் பாரிஸ் விடுதி அறையிலேயே காதில் அறுவை நடந்தது. நவம்பர் 30-இல் இறந்தார். வயது 46. மூளையில் ஏற்பட்ட கோளாறு வலது காதின் பழைய சீழிலிருந்து வந்தது என்று அவரைப் பார்த்த மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். காது மருத்துவர் மகனுக்கே இந்தக் கதி என்றால், கவனிப்பாரற்ற பிள்ளையின் நிலையை எண்ணிப்பாருங்கள். நடுச்செவிக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். கொலஸ்டியடோமா என்ற வகையில் தோல் உள்ளே வளர்ந்து எலும்பையே அரித்துவிடும். அந்தச் சீழ் அளவில் குறைவு, நாற்றத்தில் அதிகம். அதற்குச் சொட்டு மருந்து போதாது, அறுவையே வழி.

ஆசிரியர்களே, கடைசியாக உங்களிடம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சொல்வதெழுதுதலில் மட்டும் தவறு செய்யும் பிள்ளை, நாற்றம் என்று மற்றவர்கள் ஒதுக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் மந்தம் என்று எழுதுமுன் காதைப் பாருங்கள். முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள், பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். ஒழுகும் காதோடு காய்ச்சலும் கடுந்தலைவலியும் வாந்தியும் வந்தால், காதின் பின்புறம் வீங்கினால், வாய் ஒருபக்கம் கோணினால், தலை சுற்றித் தள்ளாடினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், போகும்போது எந்தக் காதில் எத்தனை நாளாக ஒழுகுகிறது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு எடுத்துப்போங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிவந்திருப்பவர்கள் இங்கேயே இருங்கள். அடுத்த அறையில் கருவி தயாராக இருக்கிறது. ஒவ்வொரு காதையும் நான் பார்க்கிறேன்.